எழுபத்தைந்து சதவீதம்

முகப்புப் பலகையில் எங்கள் நோக்கத்தின்
கடைசிப் புள்ளியைத் தின்றுவிட்டது உப்புக்காற்று.
போன சித்திரையில்தான் எழுதியது.
பெயிண்டரைக் கூப்பிட்டால்
"இது மூணாவது கோட்டிங் மேடம்,
கடலை நிறுத்தச் சொல்லுங்க" என்கிறார்.

நாக் குழு வர ஒன்பது நாள்.
பெரியபட்டினம் நர்சரியிலிருந்து
நாற்பது குரோட்டன்ஸ் தொட்டிகள்
வாடகைக்கு வந்து இறங்கின.
நூலகத்துக்கு, தாளாளரின் அண்ணன் நடத்தும் பள்ளியிலிருந்து
மூன்று பெட்டி கலைக்களஞ்சியம்.
அவர்கள் முத்திரைமேல் எங்கள் முத்திரையைக்
குத்திக் குத்திக் கூரிசாமிக்கு மணிக்கட்டு வலி.

நான் கணிதத்துறை.
எனக்கு வந்தது ஐந்தாம் அளவுகோல்,
மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்.
மெதுவாகக் கற்போர் பட்டியல் ஒரு கோப்பில்,
விரைந்து கற்போர் பட்டியல் இன்னொன்றில்.
செ. பூமயில், மூன்றாம் ஆண்டு,
இரண்டிலும் இருந்தாள்.
முதலாவது வருகையைப் பார்த்து எடுத்தது,
அடுத்தது மதிப்பெண்ணைப் பார்த்து.
"ஏதாவது ஒண்ணுல அடிச்சிடுங்க" என்றார் முதல்வர்.
எதில் என்று சொல்லவில்லை.

பதிவேடுகளை வீட்டுக்குத் தூக்கிப் போனேன்.
ஐந்து பருவம்.
நீலம் நீலமாக ஒன்பது கட்டம்,
பிறகு ஐந்தாறு சிவப்பு,
மறுபடி நீலம்.
வைரஸ் காய்ச்சலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது.
இது காலமுறைச் சார்பு.
அலைவுகாலம் பதினைந்து நாளுக்குச் சற்றுக் குறைவு.
அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிப்
பக்கத்தில் வைத்தேன்.
சிவப்புக் கூட்டம் ஒவ்வொன்றின் நடுவிலும்
ஒரு கறுப்பு வட்டம்,
இல்லையென்றால் ஒரு வெள்ளை வட்டம்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வத்தம் ஆழமாகப் போகும்.
கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி,
பாதத்தில் தகரத் தட்டுக் கட்டி
அம்மாவும் அவளும்
தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிற நாள்கள்.
பருவக் கட்டணம் எட்டாயிரத்து இருநூறு
அந்தச் சிவப்புக் கட்டங்களிலிருந்துதான் வந்திருக்கிறது.
வருகைக் குறைவுக்கான அபராதம் அறுநூறும்
அங்கிருந்தேதான்.

குழு வந்தது.
இளநீர் குடித்தது, குரோட்டன்ஸைப் பாராட்டியது.
"உங்கள் சிறந்த நடைமுறை என்ன?"
மழைநீர்த் தொட்டியைத் திரையில் காட்டினார் முதல்வர்.
தலைவர் ஒடிசாக்காரர்.
கலைக்களஞ்சியத்தைத் தொடவில்லை.
பதிவேட்டைத்தான் புரட்டினார்,
ஒரு வரியில் விரலை நிறுத்தி
"இந்தப் பெண் ஏன் இப்படி?" என்றார்.

ஒன்பது நாளாக வைத்திருந்த வாக்கியம்
தொண்டைவரைக்கும் வந்தது.
விலக்குப் படிவத்தில் மூன்றே பெட்டி:
நோய், விளையாட்டு, என்.எஸ்.எஸ். முகாம்.
"உடம்பு சரியில்லாத பெண் சார்" என்றேன்.
பதினோரு மீட்டர் மூச்சடக்குகிற பெண்ணை.
அவர் தலையாட்டினார்,
"பாவம்" என்று அவர் மொழியில் ஏதோ சொன்னார்.

பி கிரேடு.
பேருந்து நிறுத்தம்வரை பேனர்.
தொட்டிகள் லாரியில் ஏறிப் போயின,
ஒன்று உடைந்ததற்கு நூற்றைம்பது பிடித்தம்.
மூன்று நாள் கழித்து
ஈரம் உலராத பின்னலோடு அலுவலக ஜன்னலில் நின்று
அறுநூறை எண்ணிக் கொடுத்தாள் பூமயில்.
"மேடம், எனக்கு உடம்புக்கு என்னவாம்?" என்று மட்டும் கேட்டாள்.
சிரிக்கிறாளா என்று
நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

இந்தப் பருவத்துக்கு
நாட்காட்டி போடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
உள்மதிப்பீட்டுத் தேர்வு மூன்று,
செய்முறை எல்லாம்,
மெய்யெண் பகுப்பாய்வின் கடினமான தேற்றங்கள்கூட.
கண்காணிப்பாளர் சேதுபாண்டி
தேதிகளைப் பார்த்துப் பதறி ஓடிவந்தார்.
"அஷ்டமி நவமியா பாத்து
யாராவது பரீட்சை வைப்பாங்களா?"

"அன்னைக்குத் தண்ணி வத்தாது சார்" என்றேன்.
விளங்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு
சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.